கிரீம் டப்பாவைத் திருப்பிப் பாருங்க: பின்னாடி இருக்கிற பொடி எழுத்தைப் படிக்கிறது எப்படி

தை மாசம் ரங்கூன்ல விடியக்காலம் கொஞ்சம் குளிரும், ஐப்பசியோட மழை நின்னு போயிருக்கும், காத்துல ஈரம் குறைஞ்சு உதடு வெடிக்கும், முழங்காலுக்குக் கீழ நகம் பட்டா வெள்ளைக் கோடு விழும். அப்பதான் நான் வேலை பாக்குற மருந்துக்கடைல கிரீம் அலமாரி முன்னாடி ஆளுங்க வந்து நிக்க ஆரம்பிப்பாங்க. கடை அனவ்ரட்டா ரோட்டுக்குப் பக்கத்துல, பாட்டி காலத்து ஆளுங்க இன்னும் பிரேசர் தெருன்னுதான் சொல்லுவாங்க. போன வாரம் தாமைங் பக்கத்துலருந்து ஒரு அக்கா வந்தாங்க, ரெண்டு கைல ரெண்டு டப்பா, ஒண்ணு சாதா லோஷன் இன்னொண்ணு அதைவிட மூணு மடங்கு விலை, மூடியெல்லாம் தங்கக் கலர்ல மின்னுது. "ஏம்மா தங்கச்சி, இதுல எதும்மா நல்லது, விலை கூடுனதுதானே நல்லாருக்கும்"னு கேட்டாங்க. நான் சொன்னேன், அக்கா முன்பக்கத்தைப் பாக்காதீங்க, ரெண்டையும் திருப்புங்க, பின்னாடி இருக்கிற பொடி எழுத்துல தான் விஷயம் இருக்கு.

அன்னைக்கு அவங்களுக்கு நின்னுக்கிட்டே சொன்னதை இங்க உக்காந்து நிதானமா எழுதுறேன். கெமிஸ்ட்ரி படிச்சிருக்கணும்னு அவசியமே இல்ல, ஒரு பத்துப் பதினஞ்சு பேரு தெரிஞ்சாப் போதும்.

முதல்ல தோலு ஏன் காயுதுன்னு தெரிஞ்சுக்கணும். நம்ம ஊர்ல தெருவோரம் மரத்தடில தண்ணிப் பானை வச்சிருப்பாங்க பாத்திருப்பீங்க, போறவங்க வர்றவங்க குடிக்கட்டும்னு புண்ணியத்துக்கு வைக்கிறது. அந்த மண்பானைல காலைல ரொம்பி இருக்கிற தண்ணி, ஒருத்தரும் குடிக்கலன்னாலும் சாயங்காலம் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும், ஏன்னா பானையோட பொடி ஓட்டை வழியா தண்ணி கசிஞ்சு வெளிய வந்து காத்துல போயிடுது. நம்ம தோலும் அப்படித்தான், வேர்வை இல்லாத நேரத்துலயும் உள்ள இருக்கிற ஈரம் சத்தமில்லாம வெளிய போய்க்கிட்டே இருக்கும். அதைத் தடுக்கிறதுக்குத்தான் தோலுக்கு மேல செத்துப்போன செல்லுங்க பதினஞ்சு இருபது அடுக்கா ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சு இருக்கு, அந்த அடுக்குக்கு நடுவுல பூச்சு மாதிரி கொழுப்பு இருக்கு. அந்தக் கொழுப்புல கிட்டத்தட்ட பாதி செராமைடு, கால்வாசி கொலஸ்ட்ரால், மிச்சத்துல பெரும்பங்கு கொழுப்பு அமிலம். கொலஸ்ட்ரால்னா மாரடைப்புதான் ஞாபகம் வரும், ஆனா தோலுக்கு அது வேணும். காரமான சோப்பு, ரொம்பச் சூடான தண்ணி, வறண்ட காத்து, ஏசி ரூம், வயசு, இதெல்லாம் அந்தப் பூச்சைக் கரைச்சிடுது, பானைல ஓட்டை பெருசாகுது, தோலு காயுது, அரிக்குது, வெடிக்குது.

இப்ப மாய்ஸ்சரைசர்னு எதை வாங்கினாலும், அது எந்த நாட்டுச் சரக்கா இருந்தாலும், செய்யுற வேலை மூணுதான். தண்ணியைப் பிடிச்சு வைக்கணும், விரிசலை நிரப்பணும், மேல மூடணும். மூணு வேலைக்கும் தனித்தனி ஆளுங்க இருக்காங்க, டப்பாவுக்குப் பின்னாடி அவங்க பேருதான் இருக்கு.

தண்ணியைப் பிடிக்கிற ஆளுங்கள்ல பெரியவரு கிளிசரின். விலை ரொம்பக் கம்மி, பல வருஷமாப் புழக்கத்துல இருக்கு, தோலு டாக்டருங்க நம்புற பொருள். அதே வேலையைச் செய்யுறதுதான் ஹையலுரோனிக் ஆசிட், பட்டியல்ல சோடியம் ஹையலுரோனேட்னு இருக்கும், அப்புறம் யூரியா, சார்பிட்டால், பாந்தெனால், ப்யூட்டிலீன் கிளைகால், லாக்டிக் ஆசிட். ஹையலுரோனிக் ஆசிட் பேரு இப்ப எல்லா விளம்பரத்துலயும் இருக்கு, நல்ல பொருள்தான் நான் இல்லங்கல, ஆனா அது கிரீம்ல ரொம்பக் கொஞ்சம்தான் போடுவாங்க, கிளிசரின் அதைவிடப் பல மடங்கு இருக்கும், ஈரத்தைப் பிடிக்கிற பாரத்துல பெரும்பகுதியை கிளிசரின்தான் சுமக்குது, பேரு மட்டும் இன்னொருத்தருக்குப் போகுது. இன்னொண்ணு, இந்த வகைப் பொருள் தனியா இருந்தாப் பத்தாது. வெளிக் காத்துல ஈரம் இல்லன்னா இது தோலோட உள்பக்கத்துலருந்து தண்ணியை மேல இழுக்கும், மேல மூடி இல்லன்னா அந்தத் தண்ணியும் காத்தோட போயிடும். அதனாலதான் சில பேரு "சீரம் போட்டேன் இன்னும் காயுதே"ம்பாங்க.

விரிசலை நிரப்புற ஆளுங்க எண்ணெய்ப் பசை உள்ளவங்க. ஸ்குவாலேன், ஷியா பட்டர், ஜோஜோபா எண்ணெய், காப்ரிலிக் காப்ரிக் ட்ரைகிளிசரைடு (பேரைப் பாத்து பயப்படாதீங்க, தேங்காய் எண்ணெய், பனை எண்ணெய் மாதிரி எண்ணெய்லருந்து எடுக்கிறதுதான்), அப்புறம் செட்டில் ஆல்கஹால், செட்டியரில் ஆல்கஹால், ஸ்டியரில் ஆல்கஹால். இந்த ஆல்கஹால்ங்கிற சொல்லு வந்ததும் நிறையப் பேரு டப்பாவைத் திருப்பி வச்சிடுறாங்க, அது வேண்டாத பயம். செட்டியரில் ஆல்கஹால் மெழுகு மாதிரி இருக்கும், தோலை வழவழன்னு ஆக்கும், காய வைக்காது. காய வைக்கிறது ஆல்கஹால் டினாட்னோ வெறும் ஆல்கஹால்னோ எத்தனால்னோ இருக்கிறது, ஊசி போடுறதுக்கு முன்னாடி பஞ்சுல தடவுற ஸ்பிரிட் வகை. அது பட்டியல்ல முதல் நாலஞ்சு இடத்துல இருந்தா வறண்ட தோலுக்கு வேண்டாம்.

மேல மூடுற ஆளு யாருன்னா பெட்ரோலேட்டம், அதாவது நாம எல்லாரும் வாசலின்னு சொல்றது. கூட மினரல் ஆயில், லனோலின், தேன்மெழுகு, டைமெத்திகோன். இதுல பெட்ரோலேட்டத்துக்கு நிகர் இல்ல, தோலுலருந்து தண்ணி போறதை 98 சதவீதம் வரைக்கும் தடுக்கும்னு தோல் மருத்துவப் புத்தகங்கள்ல போட்டிருப்பாங்க. பிசுபிசுன்னு இருக்கும் அது ஒண்ணுதான் குறை.

வாசலின் கதையை இங்க சொல்லாம போக முடியல. 1859-ல அமெரிக்காவுல பென்சில்வேனியா எண்ணெய்க் கிணறுகள்ல, பம்புக் கம்பியில ஒட்டிக்கிட்டிருந்த மெழுகு மாதிரி அழுக்கை அங்க வேலை செஞ்சவங்க வெட்டுக்காயத்துக்கும் தீக்காயத்துக்கும் தடவுறதை ராபர்ட் செஸ்ப்ரோங்கிறவரு பாத்தாரு, அதைச் சுத்தம் பண்ணி 1872-ல காப்புரிமை வாங்கினாரு. நம்ம பர்மாவுல யெனான்ஜவுங்ல அதுக்கும் ரொம்ப முன்னாடியே கைல கிணறு தோண்டி கச்சா எண்ணெய் எடுத்திருக்காங்க, அந்த ஊரு பேருக்கே நாத்தத் தண்ணி ஓடைன்னுதான் அர்த்தம். அந்த எண்ணெய் பின்னாடி இங்க சிரியம் ரிஃபைனரிக்கு வந்துச்சு, அங்க எவ்வளவு தமிழ் ஆளுங்க உழைச்சாங்கன்னு இப்ப தான்லியின்னு பேரு மாறுன அந்த ஊர்ல இருக்கிற பெரியவங்களைக் கேட்டா சொல்லுவாங்க, எங்க தாத்தாவும் அங்கதான் இருந்தாரு. பெட்ரோல்லருந்து வந்தது தோலுக்கு ஆகாதுன்னு யாராச்சும் சொல்லும்போது எனக்கு அவரு ஞாபகம்தான் வரும். சரியா சுத்தம் பண்ணாத மினரல் ஆயில் உண்மையிலேயே ஆபத்து, புற்றுநோய் உண்டாக்குற பட்டியல்ல இருக்கு. ஆனா கிரீமுக்குப் போடுறது நல்லா சுத்திகரிச்சது, அது வேற இது வேற. சின்னக் குழந்தைக்கு டயப்பர் புண்ணுக்குத் தடவச் சொல்லி டாக்டருங்களே குடுக்கிறாங்க.

சரி, இப்ப அந்த அக்கா கைல இருந்த ரெண்டு டப்பாவுக்கு வருவோம். பட்டியலைப் படிக்கிறதுக்கு ஒரே ஒரு விதி தெரிஞ்சாப் போதும். எது எடைல அதிகமோ அது முதல்ல இருக்கும், அப்படியே இறங்கிக்கிட்டே வரும், ஆனா ஒரு சதவீதத்துக்குக் கீழ வந்துட்டா அப்புறம் கம்பெனி தன் இஷ்டத்துக்கு வரிசை மாத்தி எழுதிக்கலாம். அந்த ஒரு சதவீதக் கோடு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிறதுக்கு ஒரு வழி இருக்கு. ஃபினாக்ஸிஎத்தனால்னு ஒரு பேரு தேடுங்க, அது கெட்டுப்போகாம இருக்கிறதுக்குப் போடுறது, நிறைய டப்பாவுல இருக்கும், ஐரோப்பாலயும் நம்ம ஆசியான் நாடுகளோட விதியிலயும் அதை ஒரு சதவீதத்துக்கு மேல போடக்கூடாது. அதனால அந்தப் பேருக்கு அப்புறம் வர்றது எல்லாமே ஒரு சதவீதத்துக்குக் கீழதான். தாய்லாந்துச் சரக்கா இருந்தாலும் முன்பக்கம் அவங்க எழுத்துல இருக்கும், பொருள் பட்டியல் பெரும்பாலும் இங்கிலீஷ்லதான் இருக்கும், எழுத்துக்கூட்டிப் படிச்சிடலாம்.

சாதா லோஷன்ல இப்படி இருந்துச்சு: அக்வா, கிளிசரின், மினரல் ஆயில், செட்டியரில் ஆல்கஹால், பெட்ரோலேட்டம், டைமெத்திகோன், அப்புறம் ஃபினாக்ஸிஎத்தனால், அதுக்குப் பின்னாடி வாசனை. அக்வான்னா வெறும் தண்ணி, லோஷன்ல பாதிக்கு மேல தண்ணிதான் இருக்கும், அதுல ஏமாத்து ஒண்ணும் இல்ல. ரெண்டாவது இடத்துலயே கிளிசரின், அதாவது தண்ணியைப் பிடிக்கிற ஆளு இருக்காரு. நிரப்புற ஆளு செட்டியரில் ஆல்கஹால் இருக்காரு. மூடுறதுக்கு மூணு பேரு. மூணு வேலையும் கோட்டுக்கு மேலயே முடிஞ்சுபோச்சு.

தங்க மூடி டப்பால: அக்வா, ப்யூட்டிலீன் கிளைகால், ஆல்கஹால் டினாட், கிளிசரின், டைமெத்திகோன், கார்போமர், ஃபினாக்ஸிஎத்தனால், வாசனை, அதுக்குக் கீழ சோடியம் ஹையலுரோனேட், முத்துப் பொடி, தங்கம், செராமைடு என்.பி., ஏழெட்டு பூ சாறு. முன்பக்கத்துல பெருசா போட்டிருந்தது எது? தங்கம், முத்து, ஹையலுரோனிக். மூணும் கோட்டுக்குக் கீழ, வாசனைக்கும் கீழ! நான் விரலை வச்சு ஒவ்வொண்ணா காட்டினேன், அந்த அக்கா மூக்குக் கண்ணாடியை ஏத்திவிட்டு ரெண்டு தடவை படிச்சுப் பாத்தாங்க. மூணாவது இடத்துல ஸ்பிரிட்டு, மூடுறதுக்கு டைமெத்திகோன் மட்டும், தை மாசக் காத்துக்கு அவங்க காலு இருந்த நிலைமைக்கு இது ஒத்து வராது.

ஒரு நியாயம் சொல்லணும். கோட்டுக்குக் கீழ இருக்கிறது எல்லாமே வீண் இல்ல. சோடியம் ஹையலுரோனேட் கொஞ்சமாத்தான் போட முடியும், கூடப் போட்டா பசை மாதிரி ஆயிடும். செராமைடும் கொஞ்சம் இருந்தாலே வேலை செய்யும், அதுவும் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலமும் சேந்து இருந்தா நல்லது, ஏன்னா நம்ம தோலுல இருக்கிற கூட்டணியே அதுதான். ஆனா நியாசினமைடு (வைட்டமின் பி3-யோட ஒரு வகை) அப்படி இல்ல, 2 லருந்து 5 சதவீதம் இருக்கிறப்பதான் அது பலன் தந்ததா ஆராய்ச்சிங்கள்ல பாத்திருக்காங்க, அதை முன்பக்கம் பெருசா எழுதிட்டுப் பட்டியல்ல ஃபினாக்ஸிஎத்தனாலுக்குக் கீழ தள்ளியிருந்தா அந்தப் பேருக்காகக் கூடக் காசு குடுக்க வேண்டாம்.

வாசனையைப் பத்தி நான் கொஞ்சம் கறாரா இருப்பேன். பர்ஃப்யூம், ஃப்ராக்ரன்ஸ், லினலூல், லிமோனீன், சிட்ரோனெல்லால் இதெல்லாம் மணத்துக்குப் போடுறது, கிரீமால வர்ற அலர்ஜிக்கு அடிக்கடி காரணமா இருக்கிறதும் இதுதான். தோலு நல்லா இருக்கிறவங்களுக்குப் பரவால்ல. கரப்பான், அரிப்பு, கைக்குழந்தை, வெடிச்ச தோலு, இவங்களுக்கு வாசனை இல்லாததுதான். ஹைப்போஅலர்ஜெனிக்னு போட்டிருக்கேன்னு நம்பிடாதீங்க, அமெரிக்காலயே அந்தச் சொல்லுக்குச் சட்டத்துல வரையறை கிடையாது. கிரீம் கெட்டுப்போகாம இருக்கிறதுக்குப் போடுற பாராபென்னைக் கண்டு பயப்படுறவங்களும் நிறைய வர்றாங்க. 2014-ல ஐரோப்பால அந்தக் குடும்பத்துல அஞ்சு பேரைத் தடை பண்ணாங்க, மெத்தில்பாராபென் மாதிரி சிலதை அளவோட அனுமதிச்சிருக்காங்க. தண்ணி கலந்த எந்தக் கிரீமும் நம்ம ஊரு புழுக்கத்துல காப்புப் பொருள் இல்லாம நிக்காது, பூஞ்சை பிடிக்கும், அந்தப் பூஞ்சையை முகத்துல தடவுறதைவிட அளவான காப்புப் பொருள் மேல்.

வீட்ல இருக்கிறதைப் பத்தியும் கேப்பாங்க. தனக்கா, அதாவது மரக்கட்டையை அரைச்சு முகத்துல பூசுறது, நம்ம எல்லார் வீட்லயும் இருக்கு, வட்டக் கல்லுல தண்ணி தெளிச்சு கட்டையைத் தேய்க்கிற அந்தச் சத்தமே காலை நேரத்துச் சத்தம், நானும் பங்குனி வெயிலுக்குப் பூசாம வெளிய போறதில்ல. குளிர்ச்சி குடுக்கும், எண்ணெய் வழியிற முகத்துல பிசுக்கை உறிஞ்சிக்கும். ஆனா ஈரத்தைப் பூட்டி வைக்கிற வேலை அதுக்கு இல்ல, காஞ்சதும் மாவா உதிருது பாருங்க. வறண்ட தோலுக்காரங்க பகல்ல தனக்கா பூசினாலும் ராத்திரி கழுவிட்டு கிரீமு தடவணும். தேங்காய் எண்ணெய் நல்ல மூடி. 2004-ல பிலிப்பைன்ஸ்ல வறண்ட தோலுக்காரங்களுக்கு மினரல் ஆயிலையும் தேங்காய் எண்ணெயையும் குடுத்துப் பாத்ததுல ரெண்டும் ஒரே மாதிரி பலன் குடுத்துச்சு. ஆனா முகப்பரு வர்ற பிள்ளைங்க முகத்துல போடாதீங்க, கை காலுக்குப் போடுங்க. ஆலிவ் எண்ணெயும் கடுகு எண்ணெயும் குழந்தைக்குத் தேய்க்கிற பழக்கம் சில வீடுகள்ல இருக்கு, அது ரெண்டும் தோலோட பூச்சைப் பலவீனமாக்குறதா ஆராய்ச்சி வந்திருக்கு, அதைக் கண்டிப்பா விடுங்க.

மழைக்காலத்துல கதை மாறிடும். ஆனி ஆடில ரங்கூன்ல காயப்போட்ட துணிகூட மூணு நாளைக்குக் காயாது, காத்துலயே அவ்வளவு ஈரம், அப்ப போய் முகத்துல வாசலின் தடவினா கசகசன்னு வேர்க்குருதான் வரும். அப்ப பட்டியல்ல கிளிசரின் மேல இருக்கிற, எண்ணெய் கம்மியான ஜெல் போதும். அதே ஆளு மண்டலே பக்கம், பகான் பக்கம் கல்யாணத்துக்குப் போனா அங்க வறண்ட பூமி, திரும்ப கெட்டிக் கிரீமு வேணும். லோஷன்ல தண்ணி அதிகம், கிரீம்ல கம்மி, ஆயின்மென்ட்ல அனேகமா தண்ணியே இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

குதிகால் வெடிப்புக்குத் தனியா சொல்றேன், ஏன்னா எங்க அம்மாவோட கஷ்டத்தைப் பக்கத்துலருந்து பாத்தவ நான். கோயிலுக்கும் வெறுங்காலு, ஸ்வேடகோன் பகோடாவுக்கும் வெறுங்காலு, வீட்லயும் சிமெண்டுத் தரை. ரெண்டு குதிகாலும் ஆத்து மண்ணு வெடிச்ச மாதிரி ஆழமா பிளந்து ரத்தம் கசியும், சேலைக் கொசுவம் அதுல மாட்டும். லோஷன் எத்தனை தடவினாலும் அந்தத் தடிச்ச தோலுக்குள்ள ஏறல. அப்புறம் யூரியா கிரீம் வாங்கினேன். 10 சதவீதம் வரைக்கும் யூரியா ஈரத்தைப் பிடிக்கும், 20-க்கு மேல போனா தடிச்ச தோலைக் கரைக்க ஆரம்பிக்கும். பிளந்த இடத்துல போட்டா எரியும், அதனால முதல் நாலு நாள் வெறும் வாசலின் தடவி சாக்ஸ் போட்டுப் படுக்க வச்சேன், ரத்தம் நின்னு மேல மூடினப்புறம் சாயங்காலம் காலை வெதுவெதுப்பான தண்ணில பத்து நிமிஷம் வச்சு, துடைச்சு, ஈரம் இருக்கும்போதே யூரியா, அது மேல வாசலின். மூணாவது வாரம் அம்மா சேலையைத் தூக்கிக் காட்டி "இங்க பாருடி, மாட்டவே மாட்டேங்குது"ன்னாங்க. சக்கரை வியாதி இருக்கிறவங்க மட்டும் காலு வெடிப்பை வீட்ல வச்சு வைத்தியம் பண்ணாதீங்க, டாக்டர்கிட்ட போங்க.

அந்த ஈரம் இருக்கும்போதேங்கிறது முகத்துக்கும் பொருந்தும். குளிச்சு முடிச்சு மூணு நிமிஷத்துக்குள்ள, முழுசா துடைக்காம லேசா ஒத்தி எடுத்துட்டுத் தடவினா விலை கம்மி கிரீமுகூட ரெண்டு மடங்கு வேலை செய்யுற மாதிரி தெரியும்.

இப்ப சொல்லப்போறதை தயவுசெஞ்சு யாரும் தாண்டிப் போகாதீங்க. பட்டியலே இல்லாத டப்பா. சந்தைல சின்ன உருண்டை டப்பால மஞ்சளாவோ சாம்பலாவோ ஒரு கிரீமு, ஏழு நாள்ல வெள்ளையாகும்னு சொல்லி விக்கிறது. எங்க அண்ணி கல்யாணத்துக்கு முன்னாடி அப்படி ஒண்ணு பூசினாங்க. முதல் மாசம் முகம் பளபளன்னு ஆச்சு, எல்லாரும் கேட்டாங்க. நிறுத்தினதும் முகம் செவந்து எரிஞ்சு, பொடிப் பொடியா பரு கிளம்பி, வெயில்ல நிக்கவே முடியாம துப்பட்டாவால மூடிக்கிட்டு நடந்தாங்க, சரியாகுறதுக்கு எட்டு மாசம் ஆச்சு. அது ஸ்டீராய்டா இருக்கும்னு தோலு டாக்டர் சொன்னாரு, டப்பால ஒரு எழுத்தும் இல்லாததால உறுதியா தெரிஞ்சுக்க வழியில்ல. இன்னும் மோசமானது பாதரசம் கலந்தது, சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும், பூசுறவங்களுக்கு மட்டும் இல்ல, துண்டு தலையணை வழியா வீட்ல இருக்கிற குழந்தைக்கும் போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேந்து போட்ட மினமாட்டா உடன்படிக்கைப்படி 2020-க்குப் பிறகு பாதரசம் கலந்த வெளுப்புக் கிரீமைத் தயாரிக்கவோ நாடு விட்டு நாடு அனுப்பவோ கூடாது, ஆனாலும் வந்துக்கிட்டுதான் இருக்கு. கலோமல், மெர்க்குரஸ் குளோரைடு, மெர்க்குரிக்னு ஏதாவது இருந்தா அது பாதரசம். தங்கம் வெள்ளி நகைல படாம பாத்துக்கோங்கன்னு எழுதியிருந்தாலும் அதேதான், பாதரசம் தங்கத்துல ஒட்டிக்கும்ல. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், ஹைட்ரோகுவினோன் இதெல்லாம் டாக்டர் கையெழுத்துல வர வேண்டிய மருந்து, அழகு கிரீமுல இருக்கக்கூடாது. பூசிக்கிட்டிருக்கிறவங்க டப்பாவைத் தூக்கிப் போட்டுடாம டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போங்க.

புதுசா எது வாங்கினாலும் முழங்கை உள்பக்கம் ஒரு காசு அளவுக்கு ஒரு வாரம் தடவிப் பாருங்க, அரிச்சா செவந்தா முகத்துக்குக் கொண்டு போகாதீங்க. டப்பாவுக்கு அடியில மூடி திறந்த டப்பா படமும் அதுக்குள்ள 12எம் னு எழுத்தும் இருக்கும், திறந்து 12 மாசத்துக்குள்ள முடிக்கணும்னு அர்த்தம், திறந்த தேதியைப் பேனாவால மூடி மேல எழுதி வச்சிடுங்க.

அந்த தாமைங் அக்கா சாதா லோஷனை வாங்கினாங்க. மிச்சக் காசுல ஒரு சின்ன வாசலின் டப்பாவும் வாங்கிட்டு, கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, "அந்த ஒரு சதவீதத்துப் பேரு என்னம்மா சொன்ன, எழுதிக் குடு, எங்க மருமக நிறைய வாங்கி வச்சிருக்கா"ன்னாங்க. ரசீதுக்குப் பின்னாடி ஃபினாக்ஸிஎத்தனால்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதிக் குடுத்தேன்.